இடது பக்கம் சோக்

போன வாரம் ஒரு போன் வந்தது. கேஷ் வண்டியில் என் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கன்மேன். பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர், தேனிப் பக்கத்து ஆள். குரல் கொஞ்சம் பதறியது.

"அண்ணே, என் துப்பாக்கில இடது பேரல்ல சோக்கு இருக்காம்ணே. வித்தவரு இப்பத்தான் சொல்றாரு."

"இருக்கட்டும். நல்லதுதான்."

"நல்லதாண்ணே? நான் கம்பில துணியச் சுத்தி விட்டு விட்டுப் பாத்துட்டேன். அடைப்பு ஒண்ணும் வரமாட்டேங்குது."

நான் சிரிக்கவில்லை. சோக் என்ற சொல்லைத் துப்பாக்கியின் பேரில் முதன்முதலில் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது ட்யூப் லைட். இதில் அதை எங்கே மாட்டுவது என்று யோசித்தவன் நான். எங்கள் ஒரகடம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே மூன்று வேலை. விளக்கில் சோக், காலையில் கிளம்பாத பைக்கில் சோக், எது அழகாக இருந்தாலும் 'சோக்கா கீது'. நாலாவது வேலையைப் பற்றி அதற்கே தெரியாது.

துப்பாக்கியில் சோக் என்பது அடைப்பு இல்லை, இறுக்கம். பேரலின் வாய்ப்பக்கம் மட்டும் ஓர் இழை குறுகியிருக்கும். தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயின் நுனியை நெரித்துப் பிடித்தால் தண்ணீர் காலடியில் கொட்டாமல் தூரம் போகிறதே, அந்த மாதிரி. தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவைகள் சீக்கிரம் சிதறாமல் ஒன்றாகப் போகும். இதை விளக்கினேன். "அப்ப எந்தப் பக்கம் எந்த நம்பர் போடணும்னு எழுதி அனுப்பிருங்கண்ணே" என்றார். நாலு வரி எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகும் பேனாவை மூட மனம் வரவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லாதவனிடம் விளக்கம் கேட்டால் இதுதான் வரும்.

என் வேலை வரலாறு சின்னது. பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவு. மலைமலையாக டெலிபோன் கம்பி இழுத்தேன். துப்பாக்கியும் கையில் இருந்தது, மழை வராத நாளில் குடை இருப்பதுபோல. ஊர் திரும்பியதும் ஒன்று தெரிந்தது. செக்யூரிட்டி ஏஜென்சியில் சொந்தத் துப்பாக்கி இருந்தால் கன்மேன், இல்லாவிட்டால் வெறும் கார்டு. கன்மேனுக்கு உட்கார நாற்காலி உண்டு என்றார்கள். அந்த நாற்காலிக்காக லைசென்ஸ் எடுத்தேன். வாலாஜாபாத்தில் ஒரு குடும்பம் கடைக்காரர் மூலமாக விற்ற பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி, பன்னிரண்டு போர் அளவு, எனக்கு வந்து சேர்ந்தது. வேலையில் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள், கேஷ் வண்டி கன்மேனுக்கு நாற்காலி கிடையாது.

ஒரகடம், வாலாஜாபாத் தொழிற்சாலை வாசல்களில் இருக்கும் ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகிற வண்டி எங்களுடையது. வண்டி நின்றதும் நான் முதலில் இறங்குவேன். பணம் வைக்கிறவர்கள் உள்ளே போவார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி வெளியே நிற்பேன். எல்லாரும் ஒரு பக்கம் பார்க்கும்போது மறுபக்கம் பார்ப்பதுதான் என் வேலை. எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு, டியூட்டியில் புத்தகம் கூடாது. அதனால் மறுபக்கத்தில் இருந்த விளம்பரங்களையெல்லாம் படித்தேன். ஐடிஐ முடித்தவர்கள் தேவை, பஸ், சாப்பாடு உண்டு. ஆண்கள் விடுதியில் படுக்கை காலி. அப்ரூவல் வாங்கிய மனை. அந்த வட்டாரத்தில் யாருக்கு என்ன தேவை என்று என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. என்னிடம்தான் யாரும் கேட்டதில்லை.

துப்பாக்கி வைத்திருப்பவனிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் தினமும் ஷேர் ஆட்டோ ஏறுவேன். துப்பாக்கி உறைக்குள், உறை என் முழங்கால்களுக்கு நடுவில். ஆட்டோவுக்குள் ஆள் மேல் ஆளாக இருப்பார்கள், என் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குக் காற்று உட்கார்ந்து வரும். ஒரு தேர்தல் சமயம் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் ஒரு அம்மா என் மடியில் கீரைக்கட்டை வைத்து, "புடிச்சிக்கப்பா, பஸ்ஸு கண்டக்டர் மாரி நிக்கிறேன் நானு" என்றாள். ஓட்டு எண்ணி முடித்த அன்று நான் ஒருவன்தான் எந்தக் கட்சியும் இல்லாமல் வருத்தப்பட்டேன்.

மனைவி ஓசூரில், மகள் வீட்டில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் என்று போனாள். பேரன் இப்போது சைக்கிள் ஓட்டுகிறான்.

என் பக்கத்தில் உட்காருவதற்கென்றே சம்பளம் வாங்கியவன் ஒருவன் இருந்தான். வண்டியின் டிரைவர் தனபால், வல்லக்கோட்டைக்காரன். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவன். முதல் நாளே என்னை 'மிலிட்டரி' என்றான், 'நீ' என்றான். அதற்கு முன் மூன்று கம்பெனிகளில் காண்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்தவன். காண்ட்ராக்ட்காரன் பேர் இல்லாமல் தன் பேர் மட்டும் போட்ட அடையாள அட்டை இந்த வேலையில்தான் அவனுக்கு முதலில் கிடைத்தது. அதைக் கழுத்திலிருந்து எடுக்கவே மாட்டான்.

"தூங்கும்போதாவது கழட்டுடா" என்பேன்.

"கழட்டினா எவனாவது வந்து, இது உன்னுது இல்லபா, காண்ட்ராக்ட்டுன்னு வாங்கிக்கினு பூடுவான் மிலிட்டரி."

கிளையின் ஆயுதங்களுக்குப் பொறுப்பு விமலா மேடம். போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் சின்னது, குரல் அதைவிடச் சின்னது. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை, கோபம் மரியாதை வழியாக வரும். 'வாப்பா' என்றால் எல்லாம் நலம். 'வாங்க' என்றால் ஏதோ தப்பு. 'வாங்க சார்' என்றால் தப்பு உன்னுடையது. 'தயவுசெஞ்சு வாங்க சார்' என்றால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிட்டு உள்ளே போவது நல்லது. "மேடம் கையால மரியாத மட்டும் வாங்கிடாத மிலிட்டரி" என்று தனபால் எனக்குப் புத்தி சொல்வான்.

வருடத்துக்கு ஒருமுறை எங்களைப் போலீஸ் சுடுதளத்துக்கு அழைத்துப்போவார். வேறு இடங்களில் அது போய்விட்டுப் பிரியாணி சாப்பிட்டு வருகிற சமாசாரம். மேடம் ஆள் உயரப் பழுப்புத் தாளைச் சட்டத்தில் அடித்து நிறுத்துவார். ஒவ்வொரு பேரலிலும் தகுந்த ரவையில் ஒருமுறை சுட வேண்டும். சுட்டதும் துப்பாக்கியை நடுவில் மடித்து, தோட்டா போடும் அறை காலி என்று அவரிடம் காட்ட வேண்டும். கடைசி ஆள் காட்டி முடிக்கும்வரை தாள் பக்கம் ஒரு கால் நகரக்கூடாது. பிறகு அவர் மட்டும் போவார். ஓட்டை நெருக்கமாக விழுந்த இடத்தை நடுவாக வைத்து, நூல் நுனியில் சாக்பீஸ் கட்டி ஒரு வட்டம் இழுப்பார். உள்ளே விழுந்ததை எண்ணுவார். வெளியே போனதை அதைவிடக் கவனமாக எண்ணுவார்.

"உள்ள விழுந்தது திருடனுக்குப்பா. வெளிய போனது யாருக்கு? ஏடிஎம்முக்குப் பின்னாடி பஸ் ஸ்டாப்பு இருக்குது."

ரவை என்றதும் உப்புமா நினைவுக்கு வந்தால் தப்பில்லை, இதிலும் பொடி உண்டு, பெரிசு உண்டு. நம்பர் ஏற ஏற ரவை சின்னதாகும். எட்டாம் நம்பர் கடுகு. நாலாம் நம்பர் கொத்தமல்லி விதை. எஸ்ஜி, எல்ஜி என்று எழுத்தில் வருபவை கொண்டைக்கடலை. செருப்பிலும் சட்டையிலும் நம்பர் ஏறினால் பொருளும் ஏறும் உலகத்திலிருந்து வருகிறவனுக்கு இது தலைகீழ்ப் பாடம். அதைவிட முக்கியமான பாடத்தை மேடம் ஷேர் ஆட்டோ வைத்து நடத்தினார்.

"இறுக்கமான வாயில பெரிய ரவை போடாதீங்கப்பா. ஷேர் ஆட்டோவுல மூணு குண்டு ஆளு ஒரே நேரத்துல எறங்கினா என்ன ஆகும்? ஆளும் நசுங்குவான், ஆட்டோவும் கெடும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கன்னா சர்ருனு எறங்கிடும்."

ஒற்றைக் குண்டுத் தோட்டாவை இறுக்கமான பேரலில் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. தோட்டாவின் நீளமும் அறையின் நீளமும் ஒன்றுதானா என்று எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே நுழைகிறதே என்பது பதில் இல்லை, சுட்ட பிறகுதான் தோட்டாவின் மடிப்பு விரிந்து நீளும். என் துப்பாக்கியில் வலது பேரல் தாராளம், இடது முழு இறுக்கம். வலதுக்கு எஸ்ஜி, இடதுக்கு நாலாம் நம்பர் என்று முடிவானது. இடதில் எஸ்ஜி எப்படிப் போகும் என்று நான் ஆர்வத்தில் கேட்டேன். "பழைய பேரல வயசானவங்க மாதிரி வெச்சிக்கணும்பா. சோதிச்சுப் பாக்கக் கூடாது" என்றார். துப்பாக்கிக் கட்டையின் வலப்பக்கம் மஞ்சள் டேப், இடப்பக்கம் பச்சை டேப் ஒட்டினார். தோட்டாப் பையிலும் அதே மஞ்சள், அதே பச்சை. நிறம் நிறத்தோடு சேர வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் தினமும் காலையில் ஒரு காரியம் உண்டு. தோட்டா போடுவதற்கு முன் துப்பாக்கியை மடித்து, இரண்டு அறையும் காலி என்று விரலால் தொட்டு, பின்பக்கத்திலிருந்து வானத்தைப் பார்க்க வேண்டும். "ரெண்டு நிலா தெரியணும்பா" என்பார். அறையைத் தொட்டதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. நான் தினமும் பார்த்தேன். கடமை உணர்ச்சி என்று சொல்ல மாட்டேன். பார்க்க வேறு என்ன இருந்தது எனக்கு.

இதையெல்லாம் தனபாலிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் ஒரகடம் கூட்ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றபோது அவன்தான் ஆரம்பித்தான்.

"ரெண்டு ஓட்டையும் ஒரே சைஸாத்தான கீது. இன்னாத்துக்கு ரெண்டு கலர் டேப்பு?"

"இடது பக்கம் வாய் கொஞ்சம் சின்னது. சோக். போறதை அது இறுக்கிப் பிடிக்கும்."

"சோக்காத்தான் கீது" என்றான். பிறகு நிஜமாகவே கேட்டுக்கொண்டான். லாரி நகரும்வரை கேட்டான். என் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டு நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிகளை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கிளையிலேயே வைக்கச் சொன்னார் மேடம். ஒவ்வொன்றையும் மடித்துப் பார்த்து, காலி என்று தெரிந்த பிறகு, வாய் மேலே இருக்கும்படி சட்டத்தில் நிறுத்தினார். பூஜைப் பொறுப்பு தனபாலுடையது. சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. வண்டிகளுக்குப் பூசணிக்காய், எலுமிச்சம்பழம். துப்பாக்கிகள் கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன. பூஜை முடிந்து பூவையெல்லாம் எடுத்து, பொட்டைத் துடைத்து, ஆயுத அறையைப் பூட்டினோம்.

விடுமுறை முடிந்த காலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற இரண்டு வண்டிகளும் கிளம்பிவிட்டன. வாலாஜாபாத் பக்கம் போகும் எங்கள் வண்டி எப்போதும் கடைசி. தனபால் கண்ணாடியில் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் துப்பாக்கியை மடித்தேன், விரலால் தொட்டேன், வானத்தைப் பார்த்தேன்.

வலது பக்கம் பௌர்ணமி. இடது பக்கம் அமாவாசை.

வாய்ப்பக்கம் மோந்து பார்த்தேன். வாழைப்பழம்.

"ஐய, அதுவா" என்றான் தனபால். "நீங்கல்லாம் வெளிய பூசணிக்கா ஒடைச்சிக்கினு இருந்தப்ப, ஊதுவத்தி நிக்கணுமேன்னு ஒரு துண்டு பழத்த உள்ள சொருவினேன். ஊதுவத்திய எடுத்துட்டேன், பழத்த மறந்துட்டேன் மிலிட்டரி. நீதான சொன்ன, இடது பக்கம் இறுக்கிப் புடிச்சிக்கும்னு."

வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வாழைப்பழத்தில் ஊதுவத்தி குத்துகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். என் வாழ்நாளில் நான் சொல்லிக்கொடுத்ததை நினைவில் வைத்துக்கொண்ட ஒரே ஆள் அவன்தான். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"எத்தனை துப்பாக்கிக்கு வெச்ச?"

"எல்லாத்துக்கும்தான். உன்னுதுக்கு மட்டும் வெச்சா மத்தவன் இன்னா நெனப்பான்?"

வாழைப்பழம் மென்மையான பொருள்தான். ஆனால் பின்னாலிருந்து வருகிற வேகத்துக்கு அது தெரியாது. போக வழியில்லாவிட்டால் பேரலைக் கிழித்துக்கொண்டு போகும். அந்தப் பக்கத்தில் சுடுகிறவனின் கை இருக்கலாம், வேடிக்கை பார்க்கிறவனின் முகம் இருக்கலாம். இரண்டு வண்டிகள் அந்தப் பழத்தோடு ரோட்டில் இருந்தன. வண்டியில் போகிறவர்களிடம் போன் இருக்காது, டியூட்டியில் கூடாது. கண்ட்ரோல் ரூம் வயர்லெஸ்ஸில் வண்டிகளை நிறுத்தச் சொல்லக்கூடியவர் மேடம் ஒருவர்தான்.

நான் ஆபீஸ் போன் இருக்கும் பக்கம் பார்ப்பதைத் தனபால் கவனித்துவிட்டான். சிரிப்பு நின்றது.

"மேடத்துக்கு வாணாம் மிலிட்டரி. சாயங்காலம் வண்டிங்க வந்ததும் நானே எடுத்துடறேன். இத்தினி வருசத்துல எவனாவது சுட்டானா? இன்னிக்கா சுடப்போறான்?"

அவன் சொன்னது உண்மை. நான் டியூட்டியில் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. மற்றவர்களும் சுட்டதில்லை. என்றைக்காவது வரக்கூடிய அந்த ஒருமுறைக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அவன் கை கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏறு. போய்க்கினே பேசிக்கலாம்" என்றான். நான் ஏறவில்லை. உள்ளே போய் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"கண்ணால பாத்தியாப்பா?"

"பாத்தேன் மேடம்."

வேறு எதுவும் கேட்கவில்லை. வண்டிகள் நின்றன. தோட்டாவை எடுத்து, துப்பாக்கியை மடித்தபடியே வைத்துத் திரும்பி வந்தன. மேடமும் வந்துசேர்ந்தார். இரண்டு துப்பாக்கியிலும் இடது பக்கம் அமாவாசை. அவற்றின் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் அன்று காலை வானத்தைப் பார்க்கவில்லை. அதற்காக அவர்கள் வெட்கப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. எவன் இந்த வேலை பார்த்தது என்றுதான் கேட்டார்கள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "யாருன்னு தெரியுமாப்பா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுபக்கம் பார்த்தேன், பழகிய வேலை. சுவரில் தீ அணைக்கும் முறை பற்றி ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதல் வரியைப் படித்து முடிப்பதற்குள் தனபாலின் குரல் கேட்டது.

"நான்தான் மேடம்."

"தனபால் சார்" என்றார் மேடம், அந்தச் சின்னக் குரலில். "தயவுசெஞ்சு உள்ள வாங்க சார்."

அவன் வெளியே வந்த பிறகு நான் உள்ளே போய், சோக் பற்றிச் சொல்லிக்கொடுத்தது நான் என்றேன். மேடம் பழத்தை நீக்கிய பேரல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னதும் தப்பில்ல, அவரு கும்பிட்டதும் தப்பில்ல. பாக்காம போனவங்க ரெண்டு பேருதான் தப்பு. ஆனா ஆயுதத்துல கைவெச்சவங்கள வெச்சிக்கக் கூடாதுன்னுதான்பா ரூல்ல இருக்கு. பாக்காதவங்களப் பத்தி ஒண்ணும் போடல" என்றார். அந்த இரண்டு பேரையும் அந்த வாரம் முழுதும் 'சார்' என்றே கூப்பிட்டார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை.

தனபால் அட்டையைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். கழுத்தில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான்.

"பாக்காம இருந்திருக்கலாம்ல மிலிட்டரி" என்றான்.

அவன் என்னை மிலிட்டரி என்றது அதுதான் கடைசி. புதிதாக வந்த டிரைவர் நல்ல பையன். எங்கள் இருவருக்கும் நடுவில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வான்.

கொஞ்ச நாளில் தனபால் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தான். அவன் வண்டி முறை வந்தால் நான் டீக்கடைப் பக்கம் ஒதுங்குவேன். நான் வரிசையில் நின்றால் அவன் இறங்கிக் கண்ணாடியைத் துடைப்பான். இப்படியே வருடங்கள் போயின. இருவரும் அதில் நல்ல தேர்ச்சி பெற்றோம்.

இந்த வருடம் ஓய்வு பெற்றேன். துப்பாக்கியைச் சென்னையில் லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பச்சை டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "இது என்ன சார், அடையாளமா?" என்றார். ஆமாம் என்றேன். ரயிலில் திரும்பி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டீக்கடைப் பக்கம் போக வேண்டும் என்பதும் மறந்துவிட்டது. "ஒரகடம், ஒரகடம், ஒரே சீட்டு" என்று கூவிக்கொண்டிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யார் வண்டி என்று பார்த்தேன். பழக்கதோஷம், முழங்கால்களை அகட்டி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன்.

தனபால் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அங்க ஒரு ஆளு உக்காரலாம்."

தள்ளி உட்கார்ந்தேன். ஏறியவர் எல்ஜி சைஸ். ஏதோ கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருகிறவர். என் தொடை மேல் பாதி உட்கார்ந்தார், பையை என் மடியில் வைத்தார், மணி என்ன என்று கேட்டார். சொன்னேன். இத்தனை வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் என் கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

என் நிறுத்தம் வந்தது. காசு கொடுத்தேன். "வரேன் தனபாலு" என்றேன்.

"சரிங்க சார்" என்றான். "பாத்து எறங்குங்க."